மருந்து கேட்டது என்றேன்

எங்கள் வீட்டில் வாசல் கதவு சாத்தப்படும் சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம், ஐயா. என் கணவர் கெட்டவர் இல்லை. வாய் மட்டும் தேள்கொடுக்கு. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" போதுமானதாக இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தது ஒரே ஒரு டாக்டர், இளம்பெண். "வேற ஆளே கிடைக்கலையா?" என்று அந்த வலியிலும் அவளிடம் எரிந்து விழுந்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாரடைப்பு என்றாள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினாள். வலிக்குத் தனியாக ஓர் ஊசி போட்டாள்.

வலி அடங்கியதும் அவர் என் பெயரைச் சொன்னார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"உன்னை ரொம்பப் படுத்திட்டேன், இல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மறுபடி ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டாள். "மருந்து கேட்கலைம்மா. வலி குறைஞ்சது ஊசியாலதான், அடைப்பு அப்படியே இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில கம்பி விட்டு, பலூன் வச்சுத் திறக்கணும். இப்பவே போனா பிழைச்சுக்குவார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அவர்கிட்டச் சொல்லிக் கிளப்புங்க." அதற்குள் தீக்காயத்தோடு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். அவள் அங்கே ஓடினாள்.

நான் உள்ளே போனேன். "டாக்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"மருந்து கேட்டிருச்சாம். கட்டி கரைஞ்சிருச்சாம். தூங்குங்க."

"நீ இருக்கும்போது எனக்கென்ன" என்று கண்ணை மூடினார்.

வெளியே வந்து டாக்டரிடம், அவர் வர மாட்டேன் என்கிறார் என்றேன். அவள் விடவில்லை. "நானே பேசுறேன்" என்று வந்தாள். நான் வாசலில் நின்று உதட்டில் விரல் வைத்தேன். "இப்பத்தான் கண்ணசந்தார். உங்களைப் பார்த்தா கத்துவார், நெஞ்சு தாங்காது." வந்ததுமே அவளிடம் எரிந்து விழுந்தவர்தானே, நம்பிவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தால் பழையபடி கதவு சாத்துவார், ஐயா. என் பெயர் அந்தக் கட்டிலோடு போய்விடும். நல்ல மனுஷனாக இருந்தவரை நல்ல மனுஷனாகவே அனுப்பிவைத்தேன். அதில் அவருக்கும் கௌரவம்தான்.

இதை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். என் மகன் கொடுத்த புகாரால் அந்த டாக்டர் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவள் எல்லாம் செய்தாள். தடுத்தவள் நான். நான்தான் அவரைக் கொன்றேன்.

வலியூசி போட்டால் சிலர் அப்படிக் கனிவாகப் பேசுவார்கள் என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னாள். அவளுக்குச் சின்ன வயது. மருந்து பேசுகிறதா, மனுஷன் பேசுகிறாரா என்று கட்டியவளுக்குத் தெரியாதா? இப்போதும் மத்தியானங்களில் கூடத்திலிருந்து என் பெயர் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. குரல் மெதுவாகத்தான் இருக்கிறது, அதனால் பயமில்லை.

அன்று சாயங்காலம் வலி திரும்பியபோது டாக்டர் ஓடிவந்தாள். "அப்பவே வர்றேன்னு சொல்லியிருக்கலாமே ஐயா, ஏன் மாட்டேன்னீங்க?" என்று கிட்டத்தட்ட அழுதாள். அவருக்குப் பேச்சு வரவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம். என் கைக்குள் இருந்த கையை உருவிக்கொண்டார்.

உயிர் போகிற நேரத்தில் கை தானாகவே விலகுமாம். அப்படித்தான் இருக்கும், ஐயா.