சிவப்புத் துணி கட்டிய செடி

வீட்டில் உருளைக்கிழங்கு வளர்க்கப் பெரிய தோட்டம் எதுவும் வேண்டியதில்லை. கொல்லையில் நாலு பாத்தி இருந்தால் போதும். முளைவிட்ட கிழங்கைத் துண்டுக்கு ஒரு முளை இருக்கும்படி அறுத்து, அறுத்த பக்கம் சாம்பல் தொட்டு நட்டுவிட்டால், மீதியை ஏற்காட்டுக் குளிர் பார்த்துக்கொள்ளும். நடுவில் இரண்டு தடவை மண் அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லவந்ததைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். என் மருமகள் கீர்த்திகா சேலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டாள் என்றீர்கள். "மாமா பன்னிக்குத்தானுங்க வெச்சாரு, நாந்தான் தெரியாம கைய உட்டுட்டனுங்க" என்று அவள் சொன்னதை எழுதியும் வந்திருக்கிறீர்கள். நானும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டால் இது விபத்து. என் மகன் லோகேஷ் அதற்காகத்தான் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறான். ஆனால் நான் நாகலூரில் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன். தேவசிகாமணி எழுதினால் திருத்த வேண்டியதில்லை என்று மேனேஜரே சொல்வார். தப்பாக எழுதின தாளில் எனக்குக் கையெழுத்து வராது.

மே மாதத்தில் மலைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைப்போம். இரண்டு வருஷமாக உருளைக்கிழங்குக்குச் செம்மநத்தம் அங்கப்பன்தான் பரிசு வாங்கினான். போன வருஷம் மேடையில் வைத்தே, "ரைட்டரய்யாவுக்குப் பேனா புடிக்கத்தானுங்க வரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வருஷம் நல்ல செடியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் தனியாக எரு வைத்து, அடையாளத்துக்குத் தண்டில் சிவப்புத் துணி கட்டினேன்.

கீர்த்திகா போன ஆவணியில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலைச்சோலைப் பெண். அம்மா காபிப் பழம் பறிக்கப் போகிறவள். கொல்லையில் என் கூடவே நின்று எல்லாம் கேட்பாள். கிழங்கு எடுக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன். "கண்ணு, செடியப் புடுங்கிறாத. பக்கத்துல கைய உட்டு, பெருசா ஒண்ணு ரெண்டு மட்டும் எடுத்துட்டு, மண்ணத் தட்டி மூடிரு. செடிக்கே தெரியக் கூடாது." ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

கண்காட்சிக்கு ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்க்க அந்தச் செடியின் அடியில் கையை விட்டேன். கோலிகுண்டு அளவில் இரண்டு மூன்று தட்டுப்பட்டன. பெரியது எதுவும் இல்லை. மேலே செடி செழிப்பாக நின்றது. மண் அழகாகத் தட்டி மூடியிருந்தது.

மத்தியானம் தட்டில் உருளைக்கிழங்கு வறுவல். "ஏனுங்க மாமா, கெழங்கு நொம்பப் பெருசுங்க. மூணே மூணு எடுத்தேன், ஊட்டுல எல்லாருக்கும் பத்திருச்சு" என்றாள். நன்றாக இருக்கிறது கண்ணு என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். லோகேஷிடம் மட்டும், கண்காட்சிக் கிழங்கைப் பன்றி தோண்டிவிட்டது என்றேன். "கெழங்குதானுங்கப்பா, உடுங்க" என்றான்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் எஸ்டேட்டில் அன்றைக்கு எந்த வரிசையில் பழம் பறிக்க வேண்டுமோ, அந்த வரிசையின் முதல் செடியில் சிவப்புத் துணி கட்டுவோம். பறிக்கிறவர்கள் வந்ததும் நேராக அங்கேதான் போவார்கள். துணியை அவிழ்க்கிறவரை அங்கே பறிக்க இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அம்மாவின் கூடையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பெண், துணி கட்டிய செடியில் எடுக்கச் சொல்லி மாமா காட்டியிருக்கிறார் என்று எடுத்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் அந்தத் துணியைக் கட்டினவன் நான்தான். அவள் மேல் தப்பில்லை என்பது அந்த இரண்டாவது கரண்டியைச் சாப்பிடும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. எனக்கே அது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

பன்றிக்கு வைக்கும் வெடியை அவுட்டுக்காய் என்பார்கள், பல்லோ விரலோ அழுந்தினால் வெடித்துவிடும். யாரிடம் வாங்கினேன் என்று தனியாக எழுதித் தருகிறேன். செவ்வாய்க்கிழமை அதை அந்தச் செடியின் அடியில் புதைத்து, மண்ணைத் தட்டி மூடினேன். துணியை அவிழ்க்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் பன்றித் தொல்லை உண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் பன்றி புகுந்த பாத்தி உழுது போட்டது போலக் கிடக்கும். எந்தப் பன்றியும் மண்ணைத் தட்டி மூடிவிட்டுப் போனதில்லை.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். கூடையோடு வந்து நின்று, "மாமா, இன்னைக்கும் கெழங்கு வறுக்கட்டுங்களா?" என்றாள்.

"வறு கண்ணு" என்றேன்.

எந்தச் செடியில் எடுப்பது என்று அவள் கேட்கவில்லை. நான் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு ஓடினபோது அவளுக்கு நினைவு இருந்தது. வலது கை இல்லை. "துணி கட்டியிருந்துச்சுங்களே மாமா" என்றாள். ஆமாம் கண்ணு என்றேன்.

அவள் அந்தப் பக்கம் போவாள் என்று எனக்குத் தெரியாது என்று எழுதிவிடலாம்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நாய் ஜூலி எப்போதும் அவள் காலைச் சுற்றிக்கொண்டே கொல்லைக்குப் போகும். அவள் கூடையை எடுப்பதைப் பார்த்ததும் நான் ஜூலியைக் கூப்பிட்டு, வாசல் பலாமரத்தில் கட்டி, இரண்டு பிஸ்கட் போட்டேன். அதன் பிறகுதான் அவளுக்குப் பதில் சொன்னேன்.

நான் ஈவு இரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். வாயில்லா ஜீவன், அதற்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.