நல்லதம்பி என்ற பெயரில் வந்த பணம்

ஹலோ... ஹலோ, கேக்குதா சார்?... ஆங், இப்ப கேக்குது. நல்லதம்பி சாருங்களா?... நான் போர்ட் பிளேர்ல இருந்து பேசுறேன். ஹேடோவுல கரைசேர் டிரஸ்ட் ஆபீசு. எம்பேரு வைஜெயந்தி... ஆமா, ஆமா, மதுவந்தி பாப்பா வைத்தியத்துக்கு ஆன்லைன்ல பணம் போடுறீங்கல்ல, அந்த டிரஸ்ட்டுதான்... இல்லல்ல, பணம் வந்துருச்சு. காலையில போட்டது வந்துருச்சு. அது விஷயமாத்தான் கூப்பிட்டேன்.

இப்ப எங்க இருக்கீங்க சார்?... லாங் ஐலண்டா... ஓ, சிக்னலுக்காக ஜெட்டி வரைக்கும் வந்துட்டீங்களா. சரி சரி, கட்டானா நானே திரும்பப் போடுறேன்.

ஒண்ணு கேக்கணும் சார். எங்க கம்ப்யூட்டர்ல உங்க பேரு நல்லதம்பின்னு பதிஞ்சிருக்கு. ஆனா பணம் வர்ற பேங்க் கணக்குல அருண்பிரசாத்னு வருது. யார் பேருக்கு ரசீது போடணும்னு... வேணாமா?... சரி, ரசீது வேணாம்னா விட்ருவோம்.

சார், கொஞ்சம் வருத்தமான சேதி. பாப்பாவுக்குப் பணம் போடுற அந்தப் பேஜ நாங்க திங்கக்கிழமையே மூடிட்டோம். உங்க போன்ல பழைய லிங்க் இருந்துருக்கும், அது வழியா இன்னைக்கும் பணம் வந்துருச்சு. அத உங்களுக்கே திருப்பி அனுப்பணுமா, இல்ல வேற ஒரு குழந்தைக்குக் குடுக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்... ஏன்னா... பாப்பா தவறிருச்சு சார். ஞாயித்துக்கிழம, சென்னை ஆஸ்பத்திரியில.

...

ஹலோ?... இருக்கீங்களா?...

என்ன மெசேஜ்?... எப்ப வந்துச்சு?... இன்னைக்குக் காலையிலயா?... படிங்க.

...

ம்... ம்... ஆமா. "மதுவந்தி ரெண்டு வாய் இட்லி சாப்பிட்டா, ஜன்னல் வழியா ரயிலப் பாத்து கை காட்டினா." ஆமா சார், அது நான் எழுதுனதுதான். ஆனா அது போன வாரம் எழுதுனது. ஐயோ, இல்ல சார், நான் சொல்றதக் கேளுங்க. யாரு பணம் போட்டாலும் நன்றி சொல்லி ஒரு மெசேஜ் தானா போகும். அதோட, பாப்பா எப்படி இருக்கான்னு கடைசியா நான் எழுதி வெச்ச ரெண்டு வரி சேந்து போகும். யாரும் பாத்து அனுப்புறது கெடையாது. பேஜ மூடினேன், அந்த மெசேஜ நிறுத்த விட்டுப்போச்சு. எங்க தப்புதான்... இல்ல சார். இட்லி சாப்பிட்டது போன வியாழக்கிழம. பொய்யின்னு சொல்லாதீங்க. அன்னைக்கு நெசமாவே சாப்பிட்டுச்சு.

சார்... அழாதீங்க சார்... முன்னப்பின்ன பாக்காத குழந்தைக்கு நீங்க இவ்வளவு...

என்னது?

... என்ன சொல்றீங்க?

நீங்களா பாப்பாவோட அப்பா?

...

ஹாங் தீதி... அபி நஹீ, தீதி. பாத் மே, அப்புறமா வாங்க. அந்தக் கதவ மட்டும் சாத்திட்டுப் போங்க.

... இருக்கேன். இருக்கேன், சொல்லுங்க. பைல் இங்கதான் இருக்கு. அப்பா பேரு அருண்பிரசாத்னுதான் போட்டிருக்கு. எனக்குத் தோணவே இல்ல தம்பி. இந்தப் பேர்ல எத்தன பேர் இருக்காங்க... அப்ப நல்லதம்பி யாரு?... உங்க அப்பாவா. அவரு இல்லையா இப்ப... சரி. பாப்பாவோட அம்மா, ஷீலாவுக்கு அந்தப் பேரு தெரியாதா?... ஓ, எல்லாரும் மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்களா.

ம்... ம்... நீங்க நேரா பணம் அனுப்புனா அவ திருப்பி அனுப்பிட்டாளா... போனையும் எடுக்கல... ம்... வேணாம் தம்பி, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்தது எனக்கு வேணாம். அத நான் கேக்கல.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எல்லாரும் மாசத்துக்கு ஒருக்காப் போடுவாங்க. நீங்க மட்டும் ஏன் வாரத்துல ரெண்டு தடவ, மூணு தடவன்னு கொஞ்சம் கொஞ்சமாப் போட்டீங்க? ஒவ்வொரு தடவையும் பேங்க்காரன் கமிஷன் புடிச்சுக்குவானேன்னு நான் இங்க கூட வேல பாக்குற நளினிகிட்டகூடச் சொன்னேன்...

...

மெசேஜுக்காகவா?...

அந்த ரெண்டு வரிக்காகவா தம்பி?

...

எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா நான் நெறைய எழுதிருப்பேனே. வேல அவசரத்துல ரெண்டே வரி டைப் பண்ணிட்டு எந்திரிச்சுப் போயிருவேன்... ஆமா, ஷீலாதான் போன்ல சொல்லும், நான் எழுதுவேன்... முடி?... ஆமா, கொட்டிருச்சு. அது நான் எழுதல. அத எப்படி எழுதுறது... இல்ல, பயப்படல. தொப்பி போட்டுக்கிட்டு கண்ணாடியில பாத்துச் சிரிச்சுதாம்.

கடைசியில... தூக்கத்துலதான். ஷீலா மடியில. ரொம்பக் கஷ்டப்படலன்னு சொன்னா... நெசமாத்தான். உங்களத் தேத்துறதுக்குச் சொல்லல.

இல்ல தம்பி, ஷீலா உங்களப் பத்தி ஒண்ணும் கேக்கல. நான் எதுக்குப் பொய் சொல்லணும். ஆனா... இருங்க. நல்லதம்பியப் பத்திக் கேட்டா. பேஜ்ல பணம் போட்டவங்க பேரு வரும்ல, அத டெய்லி பாப்பாளாம். வாரத்துக்கு மூணு தடவ ஒரே பேரு வருதே, யாரு அக்கா இவருன்னு என்கிட்டக் கேட்டா. எங்களுக்கும் தெரியாது, நம்பர வெளிய குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். யாரோ பெரியவரு போல, ஊருக்கு வந்ததும் அவரக் கண்டுபிடிச்சுக் கும்பிடணும்க்கான்னா. பாப்பாவுக்கும் படிச்சுக் காட்டுவாளாம். அது தெனம் கேக்குமாம், இன்னைக்கு நல்லதம்பி தாத்தா வந்தாரான்னு.

...

அழுதுக்கங்க. நான் வெக்கல. லைன்லதான் இருக்கேன்.

...

...

ஆங், சொல்லுங்க... எங்க வெச்சு?... சென்னையிலயே தகனம் பண்ணியாச்சு தம்பி. உங்களுக்குச் சொல்றதுக்கு எங்ககிட்ட நம்பர் இல்ல... அதாவது, இருந்துச்சு. நீங்கதான்னு தெரியாது.

ஷீலா கப்பல்ல வந்துக்கிட்டு இருக்கா. அஸ்தியோட. நடுக்கடல்ல போன் கிடைக்காது, அதான் எங்களத் தவிர இங்க யாருக்கும் விஷயம் தெரியல. நாளைக்குக் காலையில கப்பல் ஹேடோ துறைமுகத்துக்கு வந்துரும்... தனியாத்தான் வர்றா. அவ அம்மாவால வர முடியல, டிக்கெட் ஒண்ணுதான் கெடச்சுச்சு.

இன்னைக்கு அங்க இருந்து போட் இருக்கா?... எத்தன மணிக்கு?... அப்ப ஏறுங்க. எடம் இல்லன்னா ரங்கத் போய் பஸ்ஸப் புடிங்க... ஏன்?... தொரத்துனா தொரத்தட்டும். அது அவ உரிம. திட்டுனா வாங்கிக்கங்க... இல்ல தம்பி, நல்லதம்பி நீங்கதான்னு நான் சொல்ல மாட்டேன். எப்பச் சொல்லணும்னு, சொல்லணுமா வேணாமான்னு நீங்க பாத்துக்கங்க. நாளைக்கு அதுக்கான நாள் இல்ல.

இன்னைக்குப் போட்ட பணமா? அது கெடக்கட்டும் தம்பி, அப்புறம் பேசலாம்... சரி. வேற புள்ளைக்கே குடுத்துர்றேன். சரி... இல்லப்பா. இனிமே போட்டாலும் அந்த மெசேஜ் வராது. நிறுத்திருவேன். நிறுத்தித்தான் ஆகணும்.

கேளுங்க. நானும் கப்பல் நிக்கிற வார்ஃபுக்கு வர்றேன். வாசல் கேட்டுகிட்ட நிப்பேன், எம்பக்கத்துலயே நில்லுங்க. கப்பல் படி எவ்வளவு செங்குத்தா இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அவ ஒரு கையில அஸ்திக் கலயம் இருக்கும். இன்னொரு கையில பெட்டி, பாப்பா துணியெல்லாம் அதுலதான். ரெண்டையும் வெச்சுக்கிட்டு அந்தப் படியில எறங்க முடியாது அவளால.

நீங்க ஒண்ணும் பேச வேணாம். போய்ப் பெட்டிய மட்டும் வாங்கிக்கங்க.

...

ம்... ஆமா. பெட்டிய மட்டும்.

சரி, போட்டுக்கு நேரமாச்சு. போங்க. வெச்சிர்றேன்.