முப்பத்தெட்டும் முப்பத்தெட்டும்

சாரல் காலத்தில் தென்காசியில் துணி காயாது, சார். அன்றைக்கும் ஈரச் சட்டையோடுதான் ஆபீஸ் போயிருந்தேன்.

குற்றாலத்துக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்து அருவிக்கு ஜாவா என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நான். குளிக்க வருகிறவர் கையில் பெயர் பதிந்த வளையம் போடுவார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வாசல் காவலாள் பலவேசம் அதைப் பதிவு செய்வான். மூடும்போதோ வெள்ளம் வந்தாலோ இரண்டு பட்டியலையும் ஒப்பிடுவோம். ஒத்துப்போகாவிட்டால் சங்கு ஊதும். கயிற்றோடு ஆட்கள் இறங்குவார்கள்.

முதலில் பட்டியல்களை அப்படியே ஒப்பிட்டேன். அப்படி ஒப்பிட்டால் ஜாவா வரிசையையும் பார்க்கும். முதலில் போனவர் முதலில் வருவாரா என்ன? எல்லோரும் வந்த பிறகும் சங்கு ஊதியது. அதனால் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடும்படி மாற்றினேன்.

பக்கத்து இருக்கை ஜெஸி, என்னைவிட ஆறு வயது இளையவள், எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அண்ணே, ஒரே ஆளு வெளிய வரும்போது ரெண்டு தடவ பதிஞ்சா, ஒருத்தர் உள்ள இருந்தாலும் எண்ணிக்கை சரியாயிருமே. ரெண்டையும் செட்டாக்கி ஒப்பிடுங்க. அது வரிசை பாக்காது, யாரு யாருன்னுதான் பாக்கும்."

ஒரு வரி வேலை. மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் செய்யவில்லை. எனக்கும் மானம் இருக்கிறதே.

மலையில் மழை கொட்டித் தண்ணீர் திடீரென்று ஏறிய மதியம் பலவேசம் போன் செய்தான்.

"அண்ணாச்சி, கடையநல்லூர் பிள்ள ஒருத்தி தங்கச்சியக் காணோம்னு அழுதுக்கிட்டு நிக்கா. மிஷினு எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லுது. நம்பலாமா?"

திறந்து பார்த்தேன். போனவர் முப்பத்தெட்டு, வந்தவர் முப்பத்தெட்டு. வந்தவர்களில் சைதூன் பீவி இரண்டு முறை இருந்தாள். தங்கையைத் தேடிப் பதியாமலே திரும்ப உள்ளே ஓடி, மறுபடி வெளியே வந்து பதிந்திருக்கிறாள். தங்கை ஜாஹிரா பீவி ஒரு முறைகூட இல்லை. ஜெஸி கண்ணில் படாதபடி திரையைத் திருப்பிக்கொண்டேன்.

"சரியாத்தாம்லே இருக்கு. அவங்க வந்த வண்டிகிட்ட போய்ப் பாக்கச் சொல்லு" என்றேன்.

மறுநாள் ஜாஹிராவின் உடலைப் பாறையிடுக்கில் எடுத்தார்கள். துப்பட்டாவால் தன் கையை ஒரு மரவேரோடு மூன்று சுற்று கட்டியிருந்தாள். அவ்வளவு செய்ய நேரம் இருந்திருக்கிறது.

இப்போது வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நான்கு தட்டு, நான்கு பேர். ஆனாலும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். யாரோ ஒருவர் குறைகிறார். பயமாக இருக்கிறது, சார்.

ஆனால் அன்று நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. போனை வைத்ததுமே அந்த வரியைத் திருத்தி, என் கணினியில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் ஜாஹிரா பீவி இன்னும் உள்ளே இருக்கிறாள் என்று பிசகாமல் காட்டியது. புரோகிராமில் தவறு இல்லை என்று நீங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.