எண்ணெய் வைத்த தலை

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எஹலியகொட பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கொழும்பிலிருந்து வந்த ஒருத்தியும் வழியில் ஏறிய அவள் மதினியும் பேசியதை என் கையாலேயே எழுதுகிறேன். ஜன்னல் ஓரத்தில் அவள் புருஷன். வாதம் வந்து பேச்சு நின்றுபோன மனுஷன்.

"தலையில எண்ணெய் இருந்தா நெனப்பு மெஷினுக்கு ஏறாதாம், மதினி."

"அடி பாவி, எண்ணெய் வச்சா கூட்டிப் போனே?"

"றப்பர் பால் வெட்டப் போகையிலயே எண்ணெய் வைக்காம போகாத மனுஷன். கொழும்புக்குச் சும்மாவா கூட்டிப் போறது? டொக்டர் புள்ளைங்க சிரிச்சிக்கிட்டே ஷாம்பு போட்டுக் கழுவினாங்க. அப்புறம் வயர் வச்ச தொப்பியும் கண்ணாடியும் மாட்டினாங்க. கண்ணாடிக்குள்ள சோறு, தண்ணி, பாயின்னு படம் வருமாம். வேணுங்கிறத மனசுல நெனச்சா பக்கத்துல இருக்கிற போன் அதப் பேசுமாம்."

"பேசிச்சா?"

"ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. நான் அழுதுட்டேன். அப்பத்தான் போன் 'தண்ணி'ன்னுச்சு. ஓடிப்போய்க் கொடுத்தா, வாயத் தொறக்கல."

"அப்ப மெஷினு பொய்யா?"

"அவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. இவரு நல்ல கையால கோப்பைய என் பக்கம் தள்ளினாரு. காலையிலருந்து நான் ஒரு வாய் தண்ணி குடிக்கல, மதினி."

மதினி எட்டி அவர் தலையைத் தடவினாள்.

"வீட்டுக்குப் போனதும் எண்ணெய் வச்சுவிடு. காஞ்சு கெடக்கு."

பேத்திக் கண்ணு, இதை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. தண்ணி வருகிற இடத்தில் மெதுவாக வாசி.