கால் இன்ச் துப்பாக்கி

இல்ல ஜான்சன் சார், நான் அங்க இல்ல. அத மொதல்லயே சொல்லிடறேன். நாளைக்கு வக்கீல் நீங்களே கோர்ட்ல கூண்டுல ஏத்தி, நீ கண்ணால பாத்தியாம்மான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன். எல்லாம் காதுல விழுந்ததுதான். அமீர் பாஷாதான் எங்க வூட்டுக்காரரு கூட இருந்தவரு. அவரு சம்சாரம் பில்கிஸ்கிட்ட சொல்லிருக்காரு. பில்கிஸும் நானும் ஒரே ஷூ கம்பெனி, பஸ்ல பக்கத்து பக்கத்து சீட்டு. அப்படி வந்து சேந்துச்சு எனக்கு. எங்க வூட்டுக்காரரு வாயால இதுல ஒரு வார்த்த வரல. அவரு ஜெயில்ல உக்காந்துகினு, மானத்தான் சுட்டேன், மானத்தான் சுட்டேன்னு சொல்லிக்கினு இருக்காரு. ஃபாரஸ்ட்டுக்காரங்க இவ்ளோ ஒத்துழைக்கிற ஆள இதுவரைக்கும் பாத்திருக்க மாட்டாங்க.

தண்ணி வேணாம் சார்.

துப்பாக்கியா? அது ராமமூர்த்தி அண்ணனோடது. அணைக்கட்டு பக்கம் எங்க ஊர்ல மலையடிவாரத்துல வாழ போட்டிருக்காரு. காட்டுப்பன்னி தொல்லைன்னு லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்காரு. அவங்க தாத்தா ஆம்பூர்ல தோல் பதப்படுத்தற ஒரு தோல்ஷாப் மொதலாளிகிட்ட வாங்குனதாம். கால் இன்ச் குழா. சுண்டு விரல் கூட உள்ள போகாது. மான் வேட்டைக்குன்னே வெள்ளக்காரன் செஞ்சதாம், அந்தக் காலத்துல இது சத்தம் கேட்டா மானே தானா வந்து நிக்குமாம். கதைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. தோட்டாதான் இல்ல. அந்த சைஸ் இப்ப எந்தக் கடையிலயும் வர்றதில்ல. கடைக்காரன் பாத்துட்டு, இத மியூசியத்துல குடுங்க சார்னானாம்.

இங்கதான் எங்க வூட்டுக்காரரு பாண்டியன் உள்ள வர்றாரு. கம்பெனில கட்டிங் செக்ஷன். தோல்ல ஒரு நூல் தப்பாம வெட்டுவாரு, அத ஒத்துக்கறேன். வூட்ல மிக்ஸி மூடிய ஒழுங்கா மூடத் தெரியாது. அவருதான், தோட்டாவ நான் கட்டித் தரேன்ணேன்னு வாக்கு குடுத்துட்டு வந்தாரு. எங்க கத்துக்கினாரா? ஃபோன்ல சார். எவனோ அமெரிக்காக்காரன், மேஜை மேல மெஷின் வெச்சிக்கினு, காலித் தோட்டாக் கூட்ல மருந்து போட்டு, ஈயத்த வெச்சு, ஒண்ணொண்ணா அழகா கட்றான். இவரு சோறு தின்னுக்கினே அதப் பாப்பாரு. இங்கிலீஷ் புரியாத எடத்துல என்னக் கூப்புடுவாரு. எங்க ரெண்டு வூட்லயும் மொத டிகிரி நாந்தான். இதுக்குத்தான படிக்க வெச்சாங்க.

வேணாம் நிறுத்துங்கன்னு நான் சொன்னதையும் எழுதிக்கோங்க, அர்த்தம் சொன்னதையும் எழுதிக்கோங்க. ரெண்டும் நெஜம்.

அந்தாளுகிட்ட மெஷின் இருக்கு, இவருகிட்ட என் சமையக்கட்டு இருக்கு. ராமமூர்த்தி அண்ணன் தாத்தா காலத்துப் பித்தளக் கூடு கொஞ்சம் தகர டப்பால கெடந்துச்சு. அத எடுத்தாந்து புளி போட்டுத் தேச்சாரு. கல்யாணமானதுலேந்து என் குத்துவெளக்க ஒரு நாள் தேச்சுக் குடுத்ததில்ல. கூட்டுக்கு மெழுகு தடவணும்னான் அமெரிக்காக்காரன். இவரு கம்பெனி ஷூ கிரீமத் தடவுனாரு. டார்க் பிரவுன். இன்னா பளபளப்புங்கிறீங்க, எக்ஸ்போர்ட் குவாலிட்டி! அமீர் பாஷா ஒண்ண எடுத்து மோந்து பாத்துட்டு, பாண்டியா, இது சுடுமா, இல்ல கால்ல மாட்டிக்கணுமான்னு கேட்டாராம்.

மருந்து எங்க வாங்குனாரு, எவ்ளோ போட்டாருன்னு எனக்குத் தெரியாது சார். எட போட்டுத்தான் கொட்டணும், ஜாஸ்தியானா குழா வெடிச்சிரும்னு அந்தாளு அடிச்சுக்கறான். இவரு கண் அளவே போதும்னாரு. குழா வெடிச்சா மூஞ்சி போயிரும்னு சொன்னேன். போனா போவுது, உனக்குத்தான் புடிக்கலயேன்னாரு. தோட்டா கட்டுன கேஸ் தனியா வரும்ல? வரட்டும். அது அவரு செஞ்சதுதான். அதுக்கு நான் சாக்கு சொல்ல வரல.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம. விடியறப்ப நல்ல பனி. பன்னி அடிக்கறோம்னு வாழத் தோப்பு ஓரம் இவரும் அமீர் பாஷாவும் உக்காந்திருக்காங்க. மொத தோட்டா டிக்னுச்சாம், அவ்ளோதான். அடுத்தது புஸ்ஸுன்னு போயி ஈயம் கொஞ்ச தூரத்துல கொய்யாப்பழம் மாதிரி பொத்துன்னு விழுந்துச்சாம். அமீர் பாஷா போய் பொறுக்கியாந்து, இந்தா தோஸ்த், திரும்பப் போட்டுக்கோன்னாராம். அப்ப உண்ணிச்செடிப் பொதர்ல ஏதோ அசைஞ்சுது. பனியில கொம்பு தெரிஞ்சுது. இவரு சுட்டாரு. அது மட்டும் நல்லா வெடிச்சு இவர மல்லாக்கத் தள்ளிருச்சு. மல்லாந்து கெடந்துக்கினே, கிட்டப் போய் இன்னான்னு கூட பாக்காம, கட்டிங் செக்ஷன் வாட்ஸப் குரூப்ல பேசிப் போட்டாரு. டேய், மான அடிச்சிட்டேன்டா, ஒரே தோட்டா, என் கையால கட்டுனதுடான்னு.

ஆமா சார், ஃபாரஸ்ட்டுல போட்டுக் காட்டுனது அதேதான்.

அப்புறமாத்தான் எழுந்து போய் பாத்திருக்காங்க. பொதர்ல கெடந்தது மான் இல்ல. வெள்ளாட்டுக் கெடா.

சிரிங்க சார், பரவால்ல. பில்கிஸும் பஸ்ல சிரிச்சா. குரூப்ல அதுக்குள்ள முப்பது பேரு கை தட்டிட்டாங்க, எனக்கு ஒரு தொட எடுத்து வையின்னு சூப்பர்வைசரே போட்டிருக்காரு. இனிமே எப்படி ஆடுன்னு சொல்றது? அமீர் பாஷாகிட்ட சத்தியம் வாங்கிக்கினு, அங்கயே உரிச்சு, மான்னே சொல்லி ஊருக்கெல்லாம் குடுத்துட்டாரு. ராமமூர்த்தி அண்ணன் தின்னுட்டு, மான் கறின்னா மான் கறிதான், ஆடெல்லாம் இது கிட்ட நிக்குமான்னாராம். நான் கவுச்சி சாப்பிடற நாள் இல்ல அன்னிக்கு. தப்பிச்சேன்.

அதத்தான் சார் நானும் கேக்கறேன். புடிச்சதும் ஆடுன்னு சொல்லிருந்தா அன்னிக்கே பாதி கேஸ் போயிருக்கும். கறிய லேபுக்கு அனுப்பிருக்காங்க, ரிசல்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. மூணு வருஷம் வரைக்கும் போடலாம்னு நீங்களே சொன்னீங்க. கம்பெனில இப்பவே வேற ஆளப் போட்டுட்டாங்க. நேத்து ஜெயில்ல மனு போட்டுப் பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு என் மூஞ்சியவே பாக்கல. ஏங்க, மெய்யாலுமே இன்னா நடந்துச்சுன்னேன். மான்தாம்மான்னாரு. மான்னா மூணு வருஷம் உள்ள இருக்கணும். கெடான்னா வூட்டுக்கு வரணும். இவரு மூணு வருஷமே மேல்னு பாக்கறாரு.

ஆதாரம் இருக்கு சார், தோலு. கொம்பு, எலும்பெல்லாம் பொதச்சுட்டாங்க, அத மட்டும் பொதைக்கல. அமீர் பாஷா தோல்ஷாப்ல வேல செய்றவரு, நல்ல தோல மண்ணுல போட அவருக்கு மனசு வரல. உப்பு போட்டு மடிச்சு வெச்சிருக்காரு. எம் புருஷன் தொழில் கட்டிங், ஆனா பதட்டத்துல உரிச்சதுல எங்க பாத்தாலும் கத்தி பட்டிருக்கு. தலத்தோலும் காதும் கூட அப்படியே ஒட்டிக்கினு இருக்கு. நான் கம்பெனில தோல் செக் பண்ற வேலதான். லென்ஸ எடுத்துக்கினு போய் பாத்தேன். முடி அமைப்பு, மேல் தோலு, ரெண்டுமே வெள்ளாடு. சந்தேகமே இல்ல. ஃபோட்டோ எடுத்தேன், எதையும் மாத்தாம அப்படியே வெச்சிட்டு வந்தேன். நீங்க யார அனுப்பி எடுக்கச் சொன்னாலும் சரி.

ஆடு யாருதுன்னா...

யாரும் வந்து கேக்க மாட்டாங்க சார். அது நேர்ந்து விட்ட கெடா. எங்க ஊரு கெங்கையம்மனுக்கு. ஊர்ல எவன் வயல்ல மேஞ்சாலும் வெரட்ட மாட்டாங்க, அதான் அவ்ளோ கொழுப்பு. வர்ற வைகாசில எப்படியும் வெட்டறதுதான். போன வருஷத்துக்கு முன் வருஷம் இவருக்கு டெங்கு வந்து, ரத்தம் ஏத்திக்கினு கெடந்தாரு. டாக்டர் சொந்தக்காரங்களக் கூப்ட்டுக்கோங்கன்னுட்டாரு. பொழச்சு வூட்டுக்கு வந்தா ஒரு கெடா விடறேன்னு ஆஸ்பத்திரி வராண்டால நின்னு வேண்டிக்கினேன். வந்தாரு. விட்டேன். அது அவருக்கும் தெரியும்.

எழுதிக்கோங்க சார். இடது காது நுனியில முக்கோணமா ஒரு வெட்டு இருக்கும். சாமிக்கு விட்டதுன்னு தெரியறதுக்கு, குட்டியா இருந்தப்ப நான் வெட்டுனது. உப்பத் தட்டிட்டு லென்ஸ் வெச்சுப் பாத்தேன். அதே காதுதான்.