கரையான்சாவடிக் கிடங்கைக் காத்து, தம் கையாலேயே மூடிய திரு. கஜபதி அவர்களுக்கு

பண்டகப் பிரிவின் பெருந்தகையே! குரல் உயர்த்தாமல் கோலோச்சிய குணக்குன்றே! அம்பத்தூர் தொழிற்பேட்டையின் நம் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அரும்பு மீசையோடு நுழைந்து, இன்று நரைத்த தலையோடு விடைபெறும் எங்கள் மேலாளர் கஜபதி ஐயா! பணிவும் பரிவும் கலந்த எங்கள் வணக்கம்.

பாராட்டு மடலில் தேனும் பாலும் பெருக்கெடுத்து ஓடுவது வழக்கம். தாங்களோ, "தேன் தடவாதீர்கள். நடந்ததை எழுதுங்கள், இல்லையேல் மடலே வேண்டாம்" என்று கட்டளையிட்டீர்கள். ஆகவே கலங்கிய கண்களோடு நடந்ததையே எழுதுகிறோம்.

புதுமைக்குக் கதவு திறந்த பெரியீர்! பெரிய கார் கம்பெனி, அன்றன்றைக்கு வேண்டிய பாகங்களை அன்றன்று காலையிலேயே தர வேண்டும் என்று கேட்டபோது நாங்கள் நடுங்கினோம், தாங்கள் நிமிர்ந்தீர்கள். பூனாவில் பயிற்சி பெற்றீர்கள். ஆவடியில் மாலை வகுப்பொன்றில் மகள் வயதுப் பெண்களோடு அமர்ந்து கம்ப்யூட்டர் கற்றீர்கள். கரையான்சாவடிக் கிடங்கில் மாதக்கணக்காய் உறங்கிய சரக்கு உறக்கம் கலைந்தது. திருநின்றவூர்ப் பட்டறைகளிலிருந்து வரும் பாகங்கள் கிடங்கைத் தொடாமல் நேரே அசெம்பிளி லைனுக்கே சென்று இறங்கின. பெட்டிதோறும் பார்கோடு, லாரி டிரைவர் இடுப்பில் பேஜர் என்று இத்தொழிற்பேட்டையே எட்டிப் பார்த்து வியந்தது.

வியக்காமல் பயந்தவர்கள் கிடங்கின் சுமைத் தொழிலாளர்கள். அவர்கள்முன் நின்று தாங்கள் சொன்னீர்கள்: "கிடங்கு சுருங்கும், ஆள் சுருங்காது. எல்லோருக்கும் லைனில் வேலை உண்டு. நிர்வாகம் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது."

நம்பினார்கள். அவர்களின் மேஸ்திரி வேம்புலியே பார்கோடு சீட்டுகளைத் தன் கையால் ஒட்டினார். "இன்னா சார் இது, பொட்டி மேல வரிக்குதிர படம் போட்டுக்கினு கீறீங்க?" என்று அவர் கேட்க, கிடங்கே சிரித்தது. தாங்கள் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

முறை வென்றது. தங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயம் மேசைக்கு வந்த சூட்டோடு, கிடங்கை வாடகைக்கு விடவும் தொழிலாளர்களைக் கணக்கு முடித்து அனுப்பவும் முடிவாயிற்று. பொதுமேலாளரின் அறைக்குச் சென்று வாதாடினீர்கள். கொடுத்த வாக்கை நினைவூட்டினீர்கள். வெளியே நின்ற எங்கள் காதிலும் அவர் பதில் விழுந்தது:

"மிஸ்டர் கஜபதி, நீங்கள் கொண்டுவந்த முறை ஜெயித்துவிட்டது. ஜெயித்தால் இப்படித்தான் இருக்கும்."

அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் போதும் என்றார்கள். தாங்கள் ஒட்டவில்லை. கிடங்குக்கு நேரில் சென்று, தங்கள் வாயாலேயே அவர்களிடம் சொன்னீர்கள். பெருக்கிக்கொண்டிருந்த அங்கம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார். வேம்புலி அழவில்லை.

"ஆள் சுருங்காதுன்னு நீதான சார் சொன்ன?"

பழியை நிர்வாகத்தின்மேல் போட்டிருக்கலாம். அது பொய்யும் ஆகியிருக்காது. "ஆமாம் வேம்புலி, நான்தான் சொன்னேன்" என்றீர்கள். கடைசி ஆள் வெளியேறும்வரை கதவோரம் நின்றீர்கள். பிறகு பூட்டினீர்கள்.

அதன்பின் ஞாயிறுதோறும் தங்கள் பழைய ஸ்கூட்டர், ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் அலைந்தது. பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, அவர்களுக்காக வேலை கேட்டீர்கள். அங்கம்மாவுக்குப் பேக்கிங் வேலை கிடைத்தது. இன்னும் சிலருக்கும் கிடைத்தது. பலருக்கு இல்லை. மூட்டை சுமந்தே முதுகு தேய்ந்த வேம்புலியோ, "உன் சிபாரிசு வோணாம் சார்" என்று முகம் திருப்பிக்கொண்டார். எங்களோடு பங்கிட்டு உண்ட தாங்கள் அன்றிலிருந்து தனியே உண்டீர்கள். புதிய முறை தவறென்று ஒருநாளும் சொன்னதில்லை. சரியென்றும் அதன்பிறகு சொன்னதில்லை.

இவ்விழாவுக்கு அந்தக் கிடங்குத் தொழிலாளர்களையும் அழைக்க வேண்டும் என்பதே தாங்கள் கேட்ட ஒரே பரிசு. அதை நிறைவேற்ற, கொள்முதல் பிரிவின் வனஜா, கரையான்சாவடியில் உள்ள வேம்புலி வீட்டுக்குச் சென்றார். கல்யாண மண்டபம் ஒன்றில் காவல் வேலை பார்க்கிறாராம் அவர். அழைப்பிதழைக் கையில் வாங்கவில்லை.

"அந்த கேட்டுக்குள்ள நா வரமாட்டேம்மா" என்றவர், வனஜா கிளம்பும்போது கேட்டார்: "சார் சீட்ல இனிமே யாரு குந்துவாங்க?"

"யாருமில்லை. அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமாம்."

அதற்கு வேம்புலி, "அப்ப அவரும் நம்ம ஆளுதான்னு சொல்லு. ஊட்டாண்ட வந்து ஒரு டீ குட்ச்சிட்டுப் போவச் சொல்லு" என்றாராம்.

ஐயா! பொன்னாடையும் பூமாலையும் சுமந்து பூந்தமல்லிப் பேருந்தில் இல்லம் திரும்பும் தாங்கள், ஒரு நிறுத்தம் முன்னதாக, வேம்புலி வீடிருக்கும் கரையான்சாவடியில் இறங்கிவிடுங்கள். நாங்கள் தரக்கூடிய பரிசுகளில் அவருடைய இந்த அழைப்பைவிடப் பெரிது எங்களிடம் இல்லை. உடல் நலிவின்றி, உள்ளம் இறுக்கம் தளர்ந்து, துணைவியார் சொர்ணம் அம்மையாரோடும் மக்களோடும் நெடுங்காலம் நிறைவாய் வாழ்க என்று நெஞ்சார வாழ்த்தி விடை தருகிறோம்.

என்றும் தங்கள் அன்பில்,
பண்டகப் பிரிவு, கொள்முதல் பிரிவு ஊழியர்கள்
அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1998