ஐந்தாவது குழி

வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பதினொரு மணிக்கு மேல் வெளியில் நின்றால் கண் இருட்டும். அப்படிப்பட்டவன் கனிமவளத் துறையில் ஏன் சேர்ந்தாய் என்று கேட்பீர்கள். தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, சேர்ந்தேன். பத்தொன்பது வருடமாக யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள் ஐயா. கிருபாநிதியா, அவர் பயந்த மனுஷன், எந்த வம்புக்கும் போகமாட்டார் என்றுதான் சொல்வார்கள்.

பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபம்.

தெற்கே தேரி என்கிற அந்தச் செம்மணல் மேட்டில் டைட்டானியத் தாது கலந்திருக்கிறது. ஒரு கம்பெனி அரசிடம் அனுமதி வாங்கித் தோண்டியது. அனுமதி முடிந்ததும் குழிகளை மூடி, மேலே மரம் நட்டுக் கொடுக்க வேண்டும். அது விதி. மூடினார்களா என்று நேரில் பார்த்துச் சான்று கொடுப்பது என் வேலை.

போன சித்திரையில் போனேன். ஐந்து குழிகளில் நான்கைப் பார்த்தேன், நான்கும் மூடியிருந்தன. ஐந்தாவது, முள் அடர்ந்த உடைமரங்களுக்கு அப்பால், தேரியின் மறுகோடியில். "அதையும் மூடியாச்சு சார். இந்த வெக்கையில அவ்வளவு தூரம் எதுக்கு நடக்கிய?" என்றார் கம்பெனி மேனேஜர் ஹென்றி. எனக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது. நான்காவது குழியையே வேறு பக்கமிருந்து இன்னொரு படம் எடுத்து, ஐந்தாவது என்று ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆவணியில் செல்லக்கிளி என்ற பெண் கலெக்டரிடம் மனு கொடுத்தாள். தேரியோரத்து ஊரில் ஆடு வளர்ப்பவள். மூடாத குழியில் விழுந்து தன் இரண்டு ஆடுகள் செத்துவிட்டன என்று எழுதியிருந்தாள். மூன்று நாளில் நேரில் பார்த்து அறிக்கை தரச்சொல்லி மனு என் மேசைக்கே வந்தது. கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஹென்றிக்குப் போன் செய்தேன். "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ஜேசிபி வரும் சார். பொழுது அடையுறதுக்குள்ள மூடிருவோம்" என்றார். மறுநாள் நான் போய்ப் பார்த்து, குழி மூடியிருக்கிறது என்று எழுதிவிடலாம். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லாத ஏற்பாடு.

ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை நண்பகலில் நானே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

செல்லக்கிளி அங்கேதான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மனு விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே மகளுக்குப் போன் போட்டாள். "ஏளா சுஜிதா, ஆபீசர் சார் வந்துட்டாவ. நாந்தான் சொன்னம்லா, வருவாவன்னு." அந்தப் போனை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். அது எனக்குத் தெரியும்.

குழி இருபதடி ஆழம் இருக்கும். "இங்கன வந்து பாருங்க சார், ஆடு விழுந்த இடம்" என்று அவள் விளிம்பில் போய் நின்று காட்டினாள். நான் போகவில்லை, எனக்குப் பயம். அவள் காலடி மணல் சத்தமில்லாமல் சரிந்தது. நான் தள்ளவில்லை ஐயா. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டிப் பார்த்தேன். அடியில் நெஞ்சுவரை மணலில் புதைந்திருந்தாள். ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. அவள் போன் மணலுக்குள் போய்விட்டது. "ஆளக் கூப்பிடுங்க சார், நெஞ்ச அமுக்குது" என்றாள். போனில் சிக்னல் இருந்தது. அவசர எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. எந்த இடம் என்று கேட்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. தீயணைப்பு வண்டி வரும், தாசில்தார் வருவார், கேமராவோடு ஆட்கள் வருவார்கள். எல்லோரும் நின்று பார்க்கப்போவது, நான் மூடிவிட்டதாகச் சான்று கொடுத்த குழியை. விரல் தானாகவே போனை அணைத்துவிட்டது. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது. வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை.

"சொல்லிட்டேன்மா. ஆள் வருது. அசையாதே, அசைஞ்சா இன்னும் சரியும்" என்றேன். அது நல்ல யோசனைதான். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நான் அவளை விட்டுப் போகவில்லை. உடைமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிட்டபோதெல்லாம் பதில் சொன்னேன். தண்ணீர் கேட்டாள். என் பாட்டிலை உருட்டிவிட்டேன், அது அவள் கைக்கு எட்டாமல் நின்றுவிட்டது. மகளிடம் சொல்ல வேண்டாம், பதறிப்போவாள் என்றாள். சரி என்றேன். இடையிடையே மணல் சரசரவென்று இறங்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு ஜேசிபி இரைச்சல் கேட்டது.

"வந்துட்டாவளா சார்?" என்றாள்.

"வந்துட்டாங்க" என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். நிம்மதியில் அழுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

தோண்டிய மண் குழியின் மேல்புறத்தில் மேடாகக் கிடந்தது. அதை உள்ளே தள்ள வேண்டியதுதான். மேட்டுக்குப் பின்னால் நிற்கும் வண்டியிலிருந்து குழியின் அடி தெரியாது. டிரைவர் ஷாம் இருபது வருடமாக மண் அள்ளுபவர், பொறுப்பான மனிதர். எஞ்சினை நிறுத்தாமலே தலையை நீட்டி, "உள்ள ஆடு மாடு, ஆளு யாரும் இல்லைல்லா சார்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை. தள்ளுங்க" என்றேன்.

முதல் மண் விழுந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். என்னைத்தான் கூப்பிட்டாள். "சார்" என்று இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கேட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஷாமை விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை ஐயா. ஒருத்தன் வாயால் சொன்னான் என்பதற்காக, இறங்கி வந்து தன் கண்ணால் ஒரு தடவை பார்க்காமல், ஒரு மனிதரால் எப்படி அந்த வேலையைச் செய்ய முடிந்தது?